டெல்பர்ட் ஸ்டாம்பரின் பக்கத்து சீட்

டெல்பர்ட் ஸ்டாம்பர் தன் பழைய ஷெவெல் காரை எடுத்துக்கொண்டு எங்கே கிளம்பினாலும், பின்னாலேயே அவன் மனைவி வனீட்டா தன்னுடைய ப்யூக் காரில் வருவாள். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, உருளைக்கிழங்கு சாலட் எல்லாம் ப்யூக்கில் இருக்கும். ஷெவெலில் டெல்பர்ட் மட்டும்தான். பக்கத்து சீட்டில் அவனுடைய தொப்பி கிடக்கும். யாராவது கேட்டால், "வழியில வண்டி நின்னு போச்சுன்னா என்னக் கூட்டிட்டு வர ஆள் வேணும்ல?" என்பான். அந்த வண்டி வழியில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் அவனே அதை நம்பிவிட்டான்.

இதில் அவன் ஒருத்தனை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒஹாயோவில் எங்கள் ஊரான ஹாமில்டனில் பழைய வண்டிக்காரர்களின் கிளப் கிளம்பினால் இரண்டு ஊர்வலம் போகும். முன்னால், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர, பெரிய எஞ்சின் வைத்த அந்தக் காலத்து வண்டிகள், ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு ஆண்பிள்ளை. பின்னால், சத்தமே இல்லாமல், மெத்தென்ற சீட் வைத்த வீட்டுக் கார்களில் அவர்களுடைய மனைவிமார். ஆண்கள் அதற்குச் 'சமையற்கட்டு ரயில்' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த ரயிலுக்கு எஞ்சினே வனீட்டாவின் ப்யூக்தான்.

டெல்பர்ட்டின் அப்பா கென்டக்கி மலையை விட்டுக் காகித ஆலை வேலைக்காக ஒஹாயோவுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் டெல்பர்ட்டும் அதே ஆலையில் சேர்ந்தான். யாரோ ஓட்டிச் சலித்துப்போன ஷெவெலை அப்போதுதான் வாங்கினான். அதில்தான் வனீட்டாவுக்குப் பின்னால் சுற்றினான். அவளும் சும்மா இல்லை. அந்த வண்டியில் கியர் போட அவனை விட அவளுக்கு நன்றாக வரும் என்று அந்தக் காலத்துக் கூட்டாளிகள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தக் காலத்து வண்டிகளின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேராகப் போகச் சொன்னால் புலி, வளையச் சொன்னால் பூசணிக்காய். கல்யாணம் நிச்சயமான கோடையில், ஆற்றோர ரோட்டு வளைவில் ரோடு வளைந்தது, ஷெவெல் வளையவில்லை. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. ஜன்னல் உயரத்துக்குச் சோளம். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. வனீட்டா தலைமுடியில் சிக்கிய சோள நாரை எடுத்துப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். டெல்பர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு அவனை உலுக்கிவிட்டது. அன்றைக்கே முடிவு பண்ணினான், இந்த வண்டி சொன்னபடி வளைய வேண்டும். அவன் இந்த வேலைக்குள் வந்ததே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்காகத்தான்.

அதற்குப் பிறகு ஆலை ஷிப்ட் முடிந்தால் வண்டிக்கு அடியில்தான் வாசம். முன் சக்கரம் நிற்கிற கோணத்தைத் திருத்தினான். வளைவில் வண்டி ஒருபக்கம் சாயாமல் இருக்கத் தடிமனான குறுக்குக் கம்பி போட்டான். ஷாக் அப்சார்பரை மாற்றினான், ஸ்டீரிங் பெட்டியை மாற்றினான். ஆலையை மூடியபோது மற்றவர்கள் வேலை தேடி அலைந்தார்கள். டெல்பர்ட் வீட்டு ஷெட்டிலேயே கடை போட்டான். எஞ்சினைப் பெரிதாக்க மாவட்டம் முழுக்க ஆள் உண்டு. வண்டியை ரோட்டோடு ஒட்டவைக்க வேண்டுமென்றால் ஸ்டாம்பர் ஷெட்டுக்குத்தான் வரவேண்டும் என்று ஆனது.

பேர் வந்தால் வீம்பும் சேர்ந்துதானே வரும். பூட்டிக் கிடக்கிற கடைத்தொகுதியின் பார்க்கிங் மைதானத்தில் கிளப்காரர்கள் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, அதற்குள் வளைந்து வளைந்து வண்டி ஓட்டும் போட்டி நடத்துவார்கள். அதில் ஜெயிக்க டெல்பர்ட் வருஷத்துக்கு வருஷம் இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டான். இன்னும் தாழ்த்தினான். வண்டி ஓடும்போது பல் கிட்டினால்தான் அது ரோட்டைப் பிடிக்கிறது என்று அர்த்தம். இதுதான் அவன் சித்தாந்தம், கிளப்பின் சித்தாந்தமும் அதுதான். கோப்பைகள் அலமாரி நிறைய வந்தன. எப்போது வனீட்டா பக்கத்து சீட்டை விட்டு இறங்கினாள் என்பதை அவன் கவனிக்கவே இல்லை.

சென்ற அக்டோபரில் ப்யூக்கின் குறுக்கே ஒரு மான் பாய்ந்தது. வனீட்டாவுக்கு ஒன்றுமில்லை, மான் கூட எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. ப்யூக்தான் எழுந்திருக்கவில்லை. கிளப் வருஷா வருஷம் கென்டக்கியின் பைன் மலைக்குப் போகிற பயணத்துக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

"டெஸ்ஸி வண்டில இடம் இருக்காம். நான் அவ கூட வரேன்," என்றாள் வனீட்டா, அடுப்பில் பீன்ஸ் சட்டியைக் கிளறிக்கொண்டே. டெஸ்ஸி, கிளப்பில் டெல்பர்ட்டின் கூட்டாளி ஹெர்ஷலின் மனைவி.

"அவ வண்டி எதுக்கு? நம்ம வண்டில சீட்டு காலியாத்தான கெடக்கு?"

"கெடக்கட்டும்."

"என்ன கெடக்கட்டும்? ஸ்டாம்பர் பொண்டாட்டி ஸ்டாம்பர் வண்டில ஏற மாட்டேங்கறான்னு ஊரே சிரிக்கும்."

"இத்தனை வருஷமா வேற வண்டிலதான வரேன். அப்பல்லாம் ஊரு கண்ண மூடிட்டு இருந்துச்சா?"

டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. "முடி கலையுதுன்னுதான வரமாட்டேன்ன. கண்ணாடிய ஏத்தி விட்டுக்கலாமே," என்றான்.

வனீட்டா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் முடிக்கு என்ன கேடு? இடுப்பு போச்சு டெல்பர்ட். ரோட்டுல கான்கிரீட் சேர்ற ஒவ்வொரு ஒட்டும் நேரா முதுகுல வந்து இடிக்குது. அன்னைக்கே சொன்னேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை.

"'அதான் ஹனி, வண்டி ரோட்டப் புடிக்குதுன்னு அர்த்தம்'னு சொன்ன. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? முடி கலையும், சாலட்டு கொட்டிரும்னு எதையாவது சொல்லிட்டு ப்யூக் சாவிய எடுத்துக்கிட்டேன்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலயே?"

"உனக்கு எப்பிடி வலிக்கும்? நீ ஸ்டீரிங்கைக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருக்க. குழி வரது முன்னாலயே தெரியுது, ஒடம்ப இறுக்கிக்கற. எனக்குப் புடிச்சுக்க என்ன இருக்கு?" அடுப்பை அணைத்தாள். கையை நீட்டினாள். "சாவியக் குடு."

"எதுக்கு?"

"நீ வந்து என் இடத்துல உக்காரு."

டெல்பர்ட் பக்கத்து சீட்டிலிருந்த தன் தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தான். அது சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வனீட்டா கிளட்சை மிதித்தாள். அத்தனை வருஷம் கழித்தும் கியர் வெண்ணெயாக விழுந்தது.

அவள் வேகமாக ஓட்டவில்லை. அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று, குறை சொல்ல இடமே இல்லை. ஆற்றோரத்துக் கான்கிரீட் ரோட்டில், பலகைக்குப் பலகை இருக்கிற ஒட்டில் ஏறும்போதெல்லாம் யாரோ சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையால் குத்துவதுபோல் இருந்தது. மூன்றாவது ஒட்டில் கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். ரயில் பாதை தாண்டும்போது நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பழைய சோளக்காடு வந்தபோது, வண்டி வளைவில் ஒரு இம்மி பிசகாமல் போயிற்று. அவன் செய்த வேலை அப்பழுக்கில்லாமல் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு வளைவு முக்கியமாகப் படவில்லை, எப்போது வீடு வரும் என்றுதான் இருந்தது.

வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. "பீன்ஸ் ஆறிப் போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு வனீட்டா உள்ளே போய்விட்டாள்.

டெல்பர்ட் வண்டியைப் பார்த்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றான். வெட்கமாக இருந்தது. யாருக்காக இந்த வண்டியை இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தானோ, அவள் உட்காருகிற இடத்தில் அவன் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் காலையிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தினான். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தான். பின் சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றியபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. கைகளின் முனையில் போல்ட்டைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையங்கள், அதாவது புஷ்கள், திருகிக்கொண்டு, பாதி கிழிந்து தொங்கின.

இது எதனால் வருகிறது என்று அந்த மாவட்டத்திலேயே அதிகம் கத்தியவன் அவன்தான். வண்டியைத் தூக்கிவைத்து, சக்கரம் தொங்கும்போதே அந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், ரப்பர் தொங்குகிற நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கினதும் வண்டியின் எடை அதைத் திருகும். அப்புறம் வண்டி ஓடுகிற நேரமெல்லாம் ரப்பர் எதிர்த்து முறைத்துக்கொண்டே இருக்கும். அசைய வேண்டியது அசையாமல் மரக்கட்டையாகிப் போகும். தரையில் இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும். ஹெர்ஷல் ஒருமுறை இந்தத் தப்பைப் பண்ணிவிட்டு வந்தபோது, கிளப் விருந்தில் எல்லோருக்கும் முன்னால், "தொங்கவிட்டு முறுக்க இதென்ன கோழியாடா?" என்று கேட்டு மானத்தை வாங்கியவன் டெல்பர்ட்.

எப்போது இதைச் செய்தோம் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இருப்பதிலேயே கடினமான ஸ்பிரிங் போட்ட வருஷம், போட்டிக்கு நேரமாகிவிட்டது. இப்போதைக்கு முறுக்கி வைப்போம், வந்து இறக்கிவைத்துச் சரியாக முறுக்கிக்கொள்ளலாம் என்று போனான். போட்டியில் ஜெயித்தான். ஜெயித்த வண்டியை எவன் திரும்பக் கழற்றுவான்?

நல்ல நேரம் பார்த்து ஹெர்ஷல் கையில் காப்பியோடு உள்ளே வந்தான். வேலைமேஜையில் கழற்றி வைத்திருந்த கிழிந்த ரப்பரைக் குனிந்து பார்த்தான்.

"இது எந்தப் பாவியோட வண்டில இருந்ததுப்பா?"

வாடிக்கையாளர் வண்டி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "என்னுது," என்றான் டெல்பர்ட்.

ஹெர்ஷல் காப்பியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நிதானமாகச் சிரிக்க ஆரம்பித்தான்.

"தொங்கவிட்டா?"

"தொங்கவிட்டுத்தான்."

"கோழியா?"

"கோழிதான்டா. சிரிச்சு முடிச்சிட்டு எந்திரி. ஸ்பிரிங்கைப் புடிக்க ஒரு கை வேணும்."

ஹெர்ஷல் எழுந்து புது ஸ்பிரிங்கைத் தூக்கிப் பார்த்தான். "இது என்ன, இவ்ளோ மெத்துனு? இதப் போட்டா கூம்புப் போட்டில மினிவேன்காரன்கூட உன்ன முந்திருவான்."

"முந்தட்டும்."

டெல்பர்ட் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதில் ஹெர்ஷலுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. "ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டான். டெல்பர்ட் ஸ்பிரிங்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

புது ரப்பர், புது ஸ்பிரிங் எல்லாம் மாட்டி, ஷெட்டில் ஆள் அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளத்தின் மேல் வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தியாயிற்று. போல்ட் முறுக்குவது மட்டும் பாக்கி. டெல்பர்ட் சமையலறைக் கதவில் போய் நின்றான்.

"வனீட்டா, கொஞ்சம் வண்டில வந்து உக்காரு."

"ஏன்?"

"ஆள் உக்காந்திருக்கற மாதிரியே எடை வச்சு முறுக்கப் போறேன். உன் எடை வேணும்."

"நாப்பது வருஷத்துல ஒரு ஆம்பள என்கிட்ட எடையக் கேட்டுட்டு உசுரோட நிக்கறான்னா அது நீதான்," என்றாள். ஆனாலும் வந்தாள், மடியில் ஒரு கூடை பீன்ஸோடு. ஓட்டுகிறவன் சீட்டில் ஒரு பெரிய மணல் மூட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"இது யாரு?"

"நான்தான். என் எடைக்கு."

வனீட்டா மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "பெருசா வித்தியாசம் தெரியல," என்றாள்.

அவள் மேலே பீன்ஸ் நார் உரித்தாள். அவன் கீழே பள்ளத்தில் நின்று ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். முடிந்ததும், "இப்ப வலிக்குதா?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"நிக்கற வண்டில எவனுக்கு வலிக்கும்? பாதி வழி, லெக்சிங்டன் வரைக்கும் வந்து பாக்கறேன். முதுகு புடிச்சுதுன்னா அங்கயே எறங்கி டெஸ்ஸி வண்டில ஏறிருவேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"வச்சுக்க மாட்டேன்," என்றான். அப்படி ஒன்று நடந்துவிட்டால் அன்றோடு இந்த வண்டியை விற்றுவிட வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டான்.

கிளம்புகிற காலையில் வனீட்டா ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து ஏறினாள். டெல்பர்ட் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். அவனுக்கு வளைவைப் பற்றியோ எஞ்சினைப் பற்றியோ ஒரு நினைப்பும் ஓடவில்லை. ரோட்டில் ஒட்டு வரும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

லெக்சிங்டனில் பெட்ரோல் போட எல்லோரும் நிறுத்தினார்கள். புஷ் கதை அதற்குள் கிளப் முழுக்கப் பரவியிருந்தது. ஆளுக்கு ஒருத்தனாக வந்து கொக்கரித்துவிட்டுப் போனார்கள். டெஸ்ஸி தன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வனீட்டா, வரியா?" என்று கூப்பிட்டாள். டெல்பர்ட் பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி, மூச்சுக்கூட விடாமல் நின்றான்.

"மலை வரைக்கும் பாக்கறேன்," என்றாள் வனீட்டா.

பைன் மலை ரோடு, டெல்பர்ட்டுக்கென்றே வெட்டியதுபோல் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள், அதற்கு நடுவில் மூச்சு வாங்க ஒரு துண்டு நேர்ரோடு. ஒவ்வொரு வருஷமும் உச்சிக்கு முதலில் போய்ச் சேர்வது அவன்தான், அதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. முதல் வளைவு நெருங்கும்போது அவனுக்குக் கை பரபரத்தது. "இப்பப் பாரு வனீட்டா, கொஞ்சமும் சாயாது, நீ பாத்துட்டே இரு," என்று ஆரம்பித்தான். வளைந்தான். வண்டி நூல் பிடித்த மாதிரி போயிற்று. மெத்தென்ற ஸ்பிரிங்கிலும் அது ரோட்டை விடவில்லை. "எப்பிடி?" என்றான்.

பதில் இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயந்து திரும்பிப் பார்த்தான். வனீட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஜன்னலோரம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, நல்ல தூக்கம். தலையணை பின் சீட்டில் கிடந்தது.

முதலில் அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆயுசில் செய்த வேலையெல்லாம் இந்த ஒரு ரோட்டில்தான் காட்ட முடியும், பார்க்க வேண்டியவள் குறட்டை விடுகிறாள். அப்புறம்தான் உறைத்தது, இந்த வண்டியில் யாருமே இதுவரை தூங்கியதில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தான்.

டாஷ்போர்டில் வைத்திருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. "ஸ்டாம்பர், எங்கய்யா இருக்க? பின்னால ஒண்ணுமே தெரியலயே?" என்று, முன்னால் போய்விட்டிருந்த ஹெர்ஷலின் குரல். டெல்பர்ட் அதை அணைத்துவிட்டான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிப்பதற்கு முன்னாலேயே, வழி விடுகிற இடங்களில் ஒதுங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று சைகை காட்டினான். ஒவ்வொன்றாக எல்லா வண்டியும் அவனைத் தாண்டின. கடைசியில் சமையற்கட்டு ரயிலும் தாண்டியது. டெஸ்ஸி தாண்டும்போது கண் பிதுங்கப் பார்த்துக்கொண்டே போனாள்.

உச்சியில் ஷெவெல் வந்து நின்றபோது எல்லோரும் இறங்கி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"வாங்கய்யா வாங்க!" ஹெர்ஷல் கையைத் தட்டினான். "பொம்பளைங்க வண்டிகூட முந்திட்டு வந்துருச்சு! மறுபடியும் தொங்கவிட்டு முறுக்கிட்டியா?"

ஆண்கள் எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். டெல்பர்ட் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவாடா. வனீட்டா தூங்கறா."

"தூங்கறாளா? உன் வண்டிலயா?"

ஆண்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை பெண்கள் சிரிக்கவில்லை. டெஸ்ஸி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஷெவெலின் ஜன்னலில் போய் எட்டிப் பார்த்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். டெஸ்ஸி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"ஹெர்ஷல், உன் வண்டில நான் கடைசியா எப்ப உக்காந்தேன்?"

ஹெர்ஷல் வாயில் ரொட்டி இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தான்.

பேச்சுச் சத்தத்தில் வனீட்டா கண் விழித்தாள். சுற்றிலும் முகங்களைப் பார்த்து, "மலை வந்துருச்சா?" என்றாள்.

"வந்து நேரமாச்சு," என்றாள் டெஸ்ஸி. "எறங்கு வனீட்டா. அந்தப் பக்கம் எறக்கத்துல நான் கொஞ்சம் இதுல உக்காந்து வரேன். நீ என் வண்டிய எடுத்துக்க. உனக்குத்தான் இந்த மாதிரி வண்டி பழக்கமாச்சே."

வனீட்டா எழுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து கதவின் பூட்டை அழுத்தினாள்.

"மாட்டேன் டெஸ்ஸி. இது என் சீட்டு. உன் சீட்டு ஹெர்ஷல் வண்டில இருக்கு, போய் அத அவன சரி பண்ணித் தரச் சொல்லு."

கிளப்காரர்கள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்ள டெல்பர்ட்டுக்கு மனமில்லை. முன் சக்கரத்துப் பக்கம் குனிந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.